பாட வீடியோ சில போன்களில் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது, போனும் கொதிக்கிறது. ஹார்ட்வேர் டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரிக்கும் சிப் பகுதி) வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

குளக்கட்டு (கிளிநொச்சி)

வணக்கம் எல்லோருக்கும். இங்கே ஒரு ரியூசன் நிலையத்துக்கு ஆண்ட்ராய்ட் ஆப் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன், உயர்தரப் பிள்ளைகளுக்கான இணைந்த கணிதம், பௌதிகவியல் வகுப்புகளைப் பதிவு செய்து அதில் போடுகிறோம். வகுப்புக்கு நேரே வர முடியாத ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் பார்ப்பது. கோட்லின் மொழியில் எழுதியது, வீடியோ ஓட்ட மீடியா3 எக்ஸோபிளேயர், வீடியோவைச் சின்னத் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் ஸ்ட்ரீமிங். இறக்கி வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு, ஏனென்றால் பலர் மாங்குளம் சந்திக்கு வரும்போதோ இரவு டேட்டாவிலோ இறக்கிக்கொண்டு வீட்டில் போய்த்தான் பார்ப்பார்கள், வீட்டடியில் சிக்னல் ஒரு கோடு நின்றாலே பெரிய விஷயம்.

பிரச்சினை என்னவென்றால் சில போன்களில் மட்டும் படம் திக்குகிறது. குரல் ஒழுங்காகப் போகும், ஆனால் ரீச்சர் பலகையில் எழுதும் கை நின்று நின்று பாயும். முதல் பத்து நிமிடம் எப்படியோ சமாளித்து ஓடுகிற போன்கூட அதற்குப் பிறகு படுத்துவிடுகிறது. என்னுடைய போனிலும், கணினிக்குள் ஓடும் போலி போனான எமுலேட்டரிலும் ஒரு குறையும் இல்லை, பட்டுப்போல ஓடுகிறது.

சென்ற ஞாயிறு முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். 2 ஜிபி ரேம் போன், மூலையில் கண்ணாடி வெடித்து செலோடேப் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள்: குசினி மூலையில் இருக்கும் மண்பானையின் ஈரத்தோடு போனைச் சாத்தி ஆறவிடுவது, பிறகு கால் மணித்தியாலம் பாடம் பார்ப்பது, திரும்பக் கொண்டுபோய்ச் சாத்துவது. ஒரு பாடத்தை அப்படி ஏழெட்டுத் தடவையாகப் பார்த்து முடிக்கிறாளாம். எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகப் போய்விட்டது.

பஃபரை, அதாவது பிளேயர் முன்கூட்டியே இழுத்து வைக்கும் வீடியோவின் நீளத்தை, 50 செக்கனிலிருந்து 120 ஆக்கினேன், மாற்றமில்லை. இறக்கி வைத்த பாடமும் அதேமாதிரித்தான் திக்குகிறது. எங்கே பார்ப்பது?

முறிகண்டிக் கச்சான்

இறக்கி வைத்ததும் திக்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஆகவே நெட்வேர்க்கை மறந்துவிடுங்கள். பஃபரை 500 செக்கன் ஆக்கினாலும் பலனில்லை. குரல் சரியாகப் போகிறது, படம் மட்டும் விழுகிறது, போன் சுடுகிறது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் படத்தை விரிக்கிற வேலையை அதற்கென்று இருக்கிற சிப் பகுதி செய்யாமல் சிபியு செய்துகொண்டிருக்கிறது. பத்து நிமிடத்துக்குப் பிறகு படுப்பதற்கும் காரணம் அதுதான், சூடு ஏறியதும் போன் தன்னைக் காப்பாற்ற சிபியுவின் வேகத்தைக் குறைத்துவிடும்.

ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம். மீடியா3இல் ஈவெண்ட்லாகர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது, அதைப் பிளேயருக்கு அனலிட்டிக்ஸ் லிசனராகக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையின் போனிலேயே ஓட்டி லாக்கை, அதாவது அது எழுதும் குறிப்பை, எடுங்கள். வீடியோ டிகோடர் தொடங்கும் இடத்தில் அதன் பெயர் வரும். பெயர் ‘ஓஎம்எக்ஸ்.கூகிள்’ என்றோ ‘சி2.ஆண்ட்ராய்ட்’ என்றோ தொடங்கினால் அது மென்பொருள் டிகோடர். நடுவில் குவால்கொம், எம்டிகே, எக்ஸினோஸ் என்று சிப் செய்தவனின் பெயர் இருந்தால் பெரும்பாலும் ஹார்ட்வேர். விழுந்த ஃபிரேம்களின் (நேரத்துக்குக் காட்ட முடியாமல் விட்ட தனிப் படங்களின்) எண்ணிக்கையும் அதே லாக்கில் வரும்.

எமுலேட்டரில் ஓடுகிறது என்பதை வீடியோ விஷயத்தில் ஒரு சாட்சியாக எடுக்கவே கூடாது. அது உங்கள் லாப்டொப்பின் பலத்தில் ஓடுகிறது.

இன்னொன்று, இந்தக் கோப்புகள் எப்படித் தயாராகின்றன? இந்தத் திக்கல் ஆப் தொடங்கிய நாளிலிருந்தா, இடையில் வந்ததா?

குளக்கட்டு (கிளிநொச்சி)

நன்றி அண்ணா. லாக் எடுத்தாயிற்று. அந்தப் பிள்ளையின் போனில் இப்படி வருகிறது, தமிழில் எழுதுகிறேன்: சி2.ஆண்ட்ராய்ட்.ஹெவிசி.டிகோடர் (ஹெவிசி என்பது எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையின் இன்னொரு பெயர்). விழுந்த ஃபிரேம்கள் முதல் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம், பதினைந்தாவது நிமிடத்தில் லாக் முழுவதும் அதுதான்.

நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. தைப்பொங்கலுக்கு முன்னம் போட்ட பாடங்கள் அதே போனில் நன்றாக ஓடுகின்றன! முதலில் 720பி, எச்.264 என்ற பழைய சுருக்கும் முறையில், ஒரு எம்பிபிஎஸ் அளவில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மணித்தியாலப் பாடம் 900 எம்பி. டேட்டா முடிகிறது என்று பெற்றோர் நிலையத்தில் வந்து சொன்னார்கள். தேடிப் பார்த்ததில் எச்.265 என்றால் அதே தரத்துக்குப் பாதி அளவு போதும் என்று போட்டிருந்தது, தையிலிருந்து அதற்கு மாறி 600 கேபிபிஎஸ் ஆக்கினேன். 540 எம்பி ஆகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். திக்கல் முறைப்பாடு வரத் தொடங்கியது மாசியில். இரண்டையும் நான் ஒன்றாக வைத்துப் பார்க்கவேயில்லை, ஏனென்றால் பிளேயர் ஒரு எரர்கூடத் தரவில்லை.

முறிகண்டிக் கச்சான்

எரர் வராது, அங்கேதான் பலர் மாட்டுப்படுவது. ஆண்ட்ராய்ட் 5இலிருந்து கூகிளின் எச்.265 மென்பொருள் டிகோடர் கூடவே வருகிறது. ஆகவே போனில் ஹார்ட்வேர் இல்லாவிட்டாலும் ‘இந்தக் கோப்பை விரிக்க ஆள் இருக்கிறதா’ என்று எக்ஸோபிளேயர் கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். வேலை தொடங்கிவிடும். முடிக்க முடியாது என்பது பிறகுதான் தெரியும்.

ஹார்ட்வேர் டிகோடரை நெல்லுக் குத்துகிற மில் மாதிரி நினையுங்கள். நெல்லைக் கொட்டினால் மூட்டை மூட்டையாக அரிசி, கரண்டும் கொஞ்சம்தான். ஆனால் அது நெல்லுக்கென்று செய்த மெசின், அதில் உழுந்தைக் கொட்ட முடியாது, உழுந்து வேண்டுமென்றால் வீட்டில் உரலும் உலக்கையும்தான். சிபியு அந்த உலக்கை. எதையும் இடிக்கும், கை நோகும். எச்.264 வந்தது 2003இல், அந்த மில் இல்லாத போன் இன்றைக்குக் கிடையாது. எச்.265 வந்தது 2013இல், மலிவு சிப்களுக்கு அது இறங்கி வரப் பல வருடம் எடுத்தது. அதோடு எச்.265 பாதி அளவில் அடக்குவது சும்மா இல்லை. பழையது படத்தை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்தது, இது 64க்கு 64 வரை பெரிய கட்டம் எடுத்து உள்ளே வேண்டிய மாதிரிப் பிளந்துகொண்டு போகிறது, ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்திலிருந்து ஊகிக்கும் வழிகளும் கூட. டேட்டாவில் மிச்சம் பிடித்த வேலையைப் போனின் தலையில் ஏற்றுகிறோம். 720பி என்றால் விரித்த ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 1.4 எம்பி, செக்கனுக்கு 30 என்றால் 41 எம்பிக்கு மேல், இதை அந்த 2 ஜிபி போனின் சிபியு இரண்டு மணித்தியாலம் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்காமல் என்ன செய்யும்.

பழைய பாடங்கள் அதே போனில் ஓடுவதால் ஆப்பில் பெரிய பிழை இல்லை. கோப்பை மாற்றுங்கள்.

பழைய ரேடியோ (வவுனியா)

தம்பி, நான் கோட் எழுதுகிற ஆள் இல்லை, போன் திருத்துகிற ஆள். உம்முடைய கதையை வாசித்ததும் இந்த வருடம் கடைக்கு வந்த போன்கள் நினைவுக்கு வந்தன. பற்றரி வீங்கிப் பின்மூடி தள்ளிக்கொண்டு வருகிற போனில் கணிசமானவை படிக்கிற பிள்ளைகளுடையவை. சார்ஜில் போட்டபடி மணித்தியாலக் கணக்கில் வீடியோ பார்ப்பது, அதுவும் தலையணைக்கு மேல் வைத்து. ஏற்கனவே பாவித்த போனாக வாங்குவார்கள், பெட்டியில் ‘ஃபுல் எச்டி’ என்று போட்டிருக்கும், அது திரையைப் பற்றிய கதை, உள்ளே இருக்கிற சிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தப் பிள்ளையின் பின்மூடியை ஒருக்கால் தடவிப் பாரும், மேடு தட்டினால் பாவிக்க விடாதேயும். ஈரப் பானையில் சாத்துவதும் கூடாது, வெடித்த கண்ணாடிக்குள்ளால் தண்ணீர் போய்விடும்.

அது சரி, இவ்வளவு தலையிடி எதற்கு? யூடியூபில் லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கிற மாதிரிப் போட்டுவிட்டால் எந்த போனுக்கு எது என்று அவனே பார்த்துக் கொடுப்பானே.

குளக்கட்டு (கிளிநொச்சி)

ஐயா, பற்றரி விஷயம் நான் யோசிக்கவேயில்லை, இன்றைக்கே அந்த வீட்டுக்கு அழைத்துச் சொல்கிறேன்.

யூடியூப் முதலில் செய்து பார்த்ததுதான். இரண்டு நாளில் லிங்க் பக்கத்து ஊர் வைபர் குழுவில் நின்றது. நிலையம் நடத்துகிறவர் அதற்குச் சம்மதிக்கமாட்டார், அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய ரீச்சர்மார் இருக்கிறார்கள். அதனால்தான் ஆப், அதனால்தான் பார்க்கிற பிள்ளையின் இலக்கம் படத்துக்கு மேல் நகர்ந்துகொண்டே இருக்கிற மாதிரியும் செய்திருக்கிறேன்.

மாங்குளம் சந்தி

அந்த நகரும் இலக்கத்தைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன், அதற்காக வீடியோ காட்டும் இடத்துக்கு டெக்ஸ்ச்சர்வியூ போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதுவும் சேர்ந்து சூடாக்குகிறது. டெக்ஸ்ச்சர்வியூவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வழியாக ஆப்பின் மற்ற விஷயங்களோடு சேர்த்து வரையப்பட வேண்டும். சர்ஃபேஸ்வியூ என்றால் டிகோடரிலிருந்து வந்த ஃபிரேமைத் திரைக்குப் போகும் ஹார்ட்வேர் நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம், நடுவில் பிரதி எடுக்கிற வேலை மிச்சம். சர்ஃபேஸ்வியூவுக்கு மேல் ஒரு டெக்ஸ்ட்வியூவை வைத்து நகர்த்துவதில் ஒரு தடையும் இல்லை. வட்ட மூலை வெட்டுவது, படத்தையே சாய்ப்பது மாதிரிச் சோடனைகள்தான் ஒழுங்காக வராது, பாடத்துக்கு அது எதற்கு. அதோடு சர்ஃபேஸ்வியூவில் செட்செக்யூர் என்று ஒன்று இருக்கிறது, அதை ட்ரூ ஆக்கினால் ஸ்க்ரீன்ஷொட்டிலும் ஸ்க்ரீன் ரெக்கோடிங்கிலும் அந்தப் பகுதி வராது. நிலையக்காரருக்கும் நிம்மதி.

கச்சான் அண்ணா கோப்பை மாற்றச் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடில்லை. எச்.265 ஹார்ட்வேரில் ஓடுகிற போன் வைத்திருக்கும் பிள்ளைகளும் உங்களிடம் இருப்பார்கள், அவர்களுடைய டேட்டாவை ஏன் வீணாக்க வேண்டும். ஆப் தொடங்கும்போது போனிலுள்ள டிகோடர்களின் பட்டியலான மீடியாகோடெக்லிஸ்டை எடுத்து எச்.265 டிகோடர்கள் ஒவ்வொன்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்ட் 10 அல்லது அதற்கு மேல் என்றால் ‘இஸ்ஹார்ட்வேர்அக்ஸிலரேட்டட்’ என்று நேரடியாகவே கேட்கலாம், அதற்குக் கீழே என்றால் கச்சான் அண்ணா சொன்ன பெயர் முன்னொட்டுத்தான் வழி. ஹார்ட்வேர் இருந்தாலும் அதோடு நிற்காமல் 1280க்கு 720, 30 ஃபிரேம் தாங்குமா என்று ‘ஆர்சைஸ்அண்ட்ரேட்சப்போர்ட்டட்’ மூலம் கேளுங்கள். ஓம் என்றால் எச்.265 பிளேலிஸ்டின் (எச்எல்எஸ் துண்டுகளின் பட்டியலின்) முகவரி, இல்லையென்றால் எச்.264 பிளேலிஸ்டின் முகவரி. சேர்வரில் இரண்டையும் வைத்துவிடுங்கள். இரண்டு கோடெக்கையும் (சுருக்கும் முறையையும்) ஒரே பிளேலிஸ்டில் கலந்து வைத்துப் பிளேயரே தெரியட்டும் என்று விடாதீர்கள், ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

என் அனுபவத்தில் சில மலிவு போன்கள் தாங்கும் என்று சொல்லிவிட்டுத் தாங்காது. ஆகவே ஓடும்போது விழும் ஃபிரேம்களையும் எண்ணுங்கள், அளவு மீறினால் அந்த போனை எச்.264 பக்கம் தள்ளி, அதை ஆப் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ஷெயர்ட் பிரெஃபரன்ஸில் எழுதி வைத்துவிடுங்கள்.

முறிகண்டிக் கச்சான்

சந்தி சொல்வது சரி, ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை சுருக்க வேண்டும், இரண்டு தடவை சேமிக்க வேண்டும், ஒரு பிள்ளை எதை இறக்கியது என்று ஆப் நினைவு வைக்க வேண்டும். ஒரு ஆள் செய்கிற ஆப்புக்கு இது அதிகம். அதைவிட எச்.264இலேயே அளவைக் குறைக்க வழி இருக்கிறது, இவர் படமெடுப்பது கால்பந்துப் போட்டி இல்லை, கரும்பலகை. செக்கனுக்கு 30 ஃபிரேம் எதற்கு? 15 போதும். கமெராவை அசையாமல் வைத்தால் முக்கால்வாசிப் படம் முன் ஃபிரேம் மாதிரியே இருக்கும், எச்.264 ஆகச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருள் அதற்கு எழுதுவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 720பி, 15 ஃபிரேம், குரலோடு சேர்த்து 500 கேபிபிஎஸ் என்று வைத்துப் பாருங்கள், இரண்டு மணித்தியாலம் 450 எம்பி. உங்கள் எச்.265ஐவிடக் குறைவு!

சுருக்கும்போது மூன்று விஷயத்தைக் கையால் எழுதிக் கொடுங்கள், சுருக்கும் கருவியான எஃப்எஃப்எம்பெக் தானாகச் செய்யும் என்று விடவேண்டாம். புரொஃபைல் மெயின். லெவல் 3.1, அது 720பிக்கு 30 ஃபிரேம் வரை போதும். பிக்சல் ஃபோர்மட் வையுவி420பி (yuv420p). கடைசியை மறந்தால் பெரிய வில்லங்கம், கணினித் திரையைப் பதிவு செய்த கோப்புகள் சிலவேளை 4:4:4 ஆக, அதாவது நிறத்தின் புள்ளிகளைக் குறைக்காமல், சுருங்கிவிடும், உங்கள் லாப்டொப்பில் விஎல்சி அதை அழகாக ஓட்டும், போனில் குரல் மட்டும் வரும், படம் கறுப்பு. நான் ஒரு இரவு முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கீஃபிரேமை (முன் ஃபிரேமை நம்பாமல் முழுதாக எழுதும் படத்தை) 2 செக்கனுக்கு ஒன்று, எச்எல்எஸ் துண்டு 6 செக்கன் என்று வைத்தால் துண்டு வெட்டுகிற இடமும் ஒத்துப்போகும், பிள்ளைகள் இழுத்துப் பார்க்கும்போதும் கெதியாகப் பிடிக்கும்.

கணக்கு ரீச்சர்

நான் தொழில்நுட்ப ஆள் இல்லை, வேறொரு ஊரில் இதேமாதிரிப் பாடம் பதிகிறேன். 15 ஃபிரேம் ஆக்கியதில் பிள்ளைகள் ஒருவர்கூட வித்தியாசம் சொல்லவில்லை. ஆனால் எழுத்து எனக்குத் திருப்தி இல்லை. வெள்ளைச் சோக்கால் எழுதியது தெளிவு, வரைபுக்குச் சிவப்புச் சோக்கால் போட்ட கோடு மட்டும் பச்சைப் பலகையில் ஊறிப்போன மாதிரித் தெரிகிறது. அடுக்குக்குறியைச் சிவப்பில் போட்டால் இரண்டா மூன்றா என்று கேட்கிறார்கள். தரத்தைக் கூட்டியும் சரிவரவில்லை. இது கமெராவின் குறையா?

மாங்குளம் சந்தி

ரீச்சர், கமெராவின் குறை இல்லை, அந்த வையுவி420பியின் குணம். வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் எழுதும். 720பி என்றால் நிறத்துக்குக் கிடைப்பது 640க்கு 360தான். வெள்ளைச் சோக்கும் பலகையும் வெளிச்சத்திலேயே வேறுபடுகின்றன, அதனால் கூர். சிவப்பும் கரும்பச்சையும் வெளிச்சத்தில் கிட்டக்கிட்ட வரும், நிறத்தில்தான் வித்தியாசம், அந்த நிறமோ கால்வாசிதான் மிஞ்சுகிறது. தரத்தை எவ்வளவு கூட்டினாலும் இது மாறாது. மஞ்சள் சோக்குக்கு மாறுங்கள், மஞ்சள் நல்ல வெளிச்சமான நிறம்.

குளக்கட்டு (கிளிநொச்சி)

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கச்சான் அண்ணாவின் வழிக்கே போனேன், எச்.264 ஒன்று மட்டும். சந்தி சொன்ன சோதனையையும் ஆப்பில் போட்டேன், ஆனால் கோப்பு தெரிவு செய்ய இல்லை, எந்த போனில் எந்த டிகோடர் எடுபடுகிறது என்று சேர்வருக்கு ஒரு வரி அனுப்பத்தான். டெக்ஸ்ச்சர்வியூ உண்மைதான், எங்கேயோ பார்த்துப் பிரதி எடுத்த கோட், மாற்றிவிட்டேன், செட்செக்யூரும் போட்டாயிற்று.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். இடமில்லையென்று மூலக் கோப்புகளில் பாதியை அழித்திருந்தேன், அந்தப் பாடங்களை எச்.265இலிருந்தே திரும்பச் சுருக்க வேண்டியிருந்தது, சின்ன எழுத்துகள் கொஞ்சம் தேய்ந்துபோயின. இனி மூலக் கோப்பு ஒரு வெளி டிஸ்கில். சுருக்குகிற வேலை என் லாப்டொப்பில் ஒரு பாடத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கிறது, இடையில் இரண்டு தடவை கரண்ட் போய் முதலிலிருந்து தொடங்கினேன். கிராஃபிக்ஸ் சிப்பால் சுருக்கிப் பார்த்தேன், கால்வாசி நேரத்தில் முடிந்தது, ஆனால் அதே 500 கேபிபிஎஸ்ஸில் எழுத்து மோசம், ஆகவே எக்ஸ்264தான்.

முத்தையன்கட்டுப் பிள்ளையின் போனில் இப்போது வருகிற பெயரில் நடுவில் எம்டிகே இருக்கிறது. ஒரு பாடம் முழுக்க ஓடி விழுந்த ஃபிரேம் பதினொன்று. பின்மூடி மேடு தட்டித்தான் இருந்தது ஐயா, நிலையக்காரர் பற்றரிக்குக் காசு கொடுத்தார்.

மிஞ்சியிருப்பது எங்கள் பௌதிகவியல் வகுப்பு. அந்தப் பாடங்கள் மட்டும் 500 கேபிபிஎஸ்ஸில் புகைமூட்டமாக வருகின்றன. முதலில் எக்ஸ்264இல் குறை தேடினேன். பிறகு வகுப்பறையில் போய் நின்று பார்த்தால், கமெரா ஸ்டாண்ட் வைத்திருக்கும் மேசைக்கு நேர் மேலே மின்விசிறி, காற்றில் ஸ்டாண்ட் மெல்ல ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக நகர்வதால் இருக்கிற பிட் எல்லாம் அதற்கே போய்விடுகிறது. விசிறியை நிறுத்தச் சொன்னால் பங்குனி வெயிலில் பிள்ளைகள் என்னை அடிப்பார்கள்.

கணக்கு ரீச்சர்

ஸ்டாண்டை விடுங்கள் தம்பி, நாங்கள் பின்சுவரில் ஒரு பலகைத் துண்டை ஆணி அடித்து அதில் போனைக் கட்டியிருக்கிறோம், விசிறி எவ்வளவு சுத்தினாலும் அசையாது. மஞ்சள் சோக்கு வேலை செய்கிறது சந்தி, நன்றி. மிச்சமிருந்த ஒன்றரைப் பெட்டி சிவப்புச் சோக்கைப் பக்கத்து வீட்டுச் சின்னதுகளுக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது எங்கள் மதில் முழுக்கச் சிவப்பு யானை.